பத்து ரூபாயில் ஒரு விளக்கு

தில்லி மாநகரின் நடுவே, கோல் மார்க்கெட் பகுதியை ஒட்டிச் சென்று பஞ்சகுயான் சாலையில் சேரும் சாலை மந்திர் மார்க். ஆங்கிலேயர் காலத்தில் இதற்கு ரீடிங் சாலை என்று பெயர். 1939-இல் காந்தியடிகள் திறந்துவைத்த லட்சுமி நாராயணர் கோவில் இச்சாலையில் உள்ளது. மக்கள் அதனைப் பிர்லா மந்திர் என்பர். எல்லாச் சாதியினரும் உள்ளே வந்து வழிபடலாம் என்ற உறுதியைப் பெற்ற பின்னரே அவர் அதனைத் திறந்துவைத்தார். தூய்மைப் பணியாளர் வாழும் வால்மீகி குடியிருப்பும் இச்சாலையில்தான் இருக்கிறது. 1946, 1947 ஆம் ஆண்டுகளில் காந்தியடிகள் அங்கே தங்கியிருந்தார். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளுள் ஒன்றும் இங்கே அமைந்துள்ளது. எனவே தலைநகரத் தமிழர்க்கு இச்சாலை நன்கு பழகிய ஒன்று.

இச்சாலையின் வடமுனையிலிருந்து சற்று நடந்தால் பஞ்சகுயான் சாலையின் மரச்சாமான் கடைகள் வரும். தேக்கு மரத்தில் செய்த கட்டிலும் அங்கே உண்டு. மரத்தூளை அழுத்திச் செய்த பலகையால் ஆன கட்டிலும் உண்டு. மெருகு பூசிவிட்டால் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். மேற்கே கரோல் பாக்கில் திங்கட்கிழமைதோறும் தெருவோரச் சந்தை கூடும். செருப்பு, சட்டை, வாளி, குடை என எல்லாப் பொருளும் அங்கே மலிவு. அச்சந்தையில் நிற்பவர் காதில் ஓர் இந்திப் பழமொழி அடிக்கடி விழும்: "மஹங்கா ரோயே ஏக் பார், சஸ்தா ரோயே பார் பார்." விலை கூடியதை வாங்கியவர் ஒருமுறை அழுவார், மலிவானதை வாங்கியவர் மீண்டும் மீண்டும் அழுவார் என்பது இதன் பொருள்.

பழமொழி சொல்லும் கணக்கு சரியானதே. ஆனால் அதைச் சொல்லுகிறவரின் குரலில் சிறு கண்டனமும் கலந்திருக்கும். மலிவான பொருளை வாங்குபவர் கணக்கு அறியாதவர் என்பதுபோல அது ஒலிக்கும். அது உண்மைதானா என்று பார்க்க வேண்டும்.

தனியார் கட்டடம் ஒன்றில் காவற்பணி செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வந்தவர். நாள் முழுதும் நிற்பதும் நடப்பதுமே அவர் வேலை. சந்தையில் 300 ரூபாய்க்குக் கிடைக்கும் ஷூ அவருக்கு நான்கு மாதம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். அதன் சோல் பசையால் ஒட்டப்பட்டது. ஒருமுறை பிளந்துவிட்டால் தைப்பவராலும் நெடுநாளைக்கு அதைக் காப்பாற்ற முடியாது. கடையில் 1,500 ரூபாய்க்குக் கிடைக்கும் தோல் ஷூ மூன்று ஆண்டு உழைக்கும். இடையில் ஒருமுறை 200 ரூபாய் கொடுத்துச் சோல் மாற்றினால் போதும். மூன்று ஆண்டுகளில் மலிவான ஷூ ஒன்பது இணை வாங்க வேண்டும். செலவு 2,700 ரூபாய். நல்ல ஷூவுக்கு ஆவது 1,700 ரூபாய். ஆக, மலிவானதை வாங்கியவர் 1,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். ஒவ்வொரு நான்கு மாதத்திலும் கடைசிச் சில வாரங்கள் கிழிந்த ஷூவோடு நின்றிருக்கிறார். ஆவணி மழையில் அவர் காலுறை நனைந்திருக்கிறது.

இந்தக் கணக்கு அந்தக் காவலர்க்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒவ்வொரு முறை சோல் பிளக்கும்போதும் அவர் அதைத்தான் எண்ணிப் பார்க்கிறார். வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், அரிசி, பருப்பு, பிள்ளைகளின் புத்தகம் ஆகியவை போக அவர் கையில் மாதந்தோறும் 400 ரூபாய் எஞ்சுகிறது. எந்த மாதத்திலும் அவரிடம் 1,500 ரூபாய் மொத்தமாக இருப்பதில்லை. சிறிது சிறிதாகச் சேர்த்து வைக்கலாமே என்று கேட்கலாம். சேர்த்து முடிப்பதற்கு நான்கு மாதமாகும். அதுவரை வேலைக்கு வெறுங்காலோடு போக முடியாது. ஆதலால் முதல் மாதமே 300 ரூபாய் போய்விடுகிறது. அடுத்து வரும் காய்ச்சலோ திருவிழாவோ எஞ்சியதைக் கொண்டுபோகிறது. அவரிடம் குறைந்திருப்பது மொத்தப் பணம் மட்டுமே.

எல்லாப் பொருளுக்கும் இக்கணக்கு பொருந்தாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். வளரும் பிள்ளையின் பாதம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாகும். ஆறாம் வகுப்பு மாணவிக்கு மூன்று ஆண்டு உழைக்கும் ஷூ வாங்குவது வீண். மலிவான ஷூ வாங்கித் தரும் தாயைப் பார்த்துப் பழமொழி சொல்லுகிறவர், அவர் போட்ட கணக்கைப் பார்க்கவில்லை என்றே கருத வேண்டும்.

இச்செய்தி தில்லிக்கு மட்டும் உரியதன்று. ஆங்கில எழுத்தாளர் டெரி பிராட்செட் 1993-இல் வெளியிட்ட 'மென் அட் ஆர்ம்ஸ்' என்னும் புதினத்தில் சாம் வைம்ஸ் என்றொரு காவலர் வருகிறார். அவருடைய மாதச் சம்பளம் 38 டாலர். நல்ல காலணியின் விலை 50 டாலர். அதை வாங்க இயலாமல் பத்து டாலர் காலணியையே அவர் திரும்பத் திரும்ப வாங்குகிறார். பத்தாண்டுகளில் செல்வர் 50 டாலரோடு நிறுத்திக்கொள்ள, ஏழை 100 டாலர் செலவழித்தும் ஈரக்காலோடு நடக்கிறார் என்று எண்ணிப் பார்க்கிறார் வைம்ஸ். நகைச்சுவைக் கதையில் வந்த இக்கருத்தைப் பிற்காலத்தில் பொருளியல் பேசுவோரும் எடுத்தாளத் தொடங்கினர். அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1914-இல் வெளிவந்த ராபர்ட் டிரெசலின் புதினமும் இங்கிலாந்தின் வீட்டுச் சுவர்களுக்கு வண்ணம் பூசும் தொழிலாளர் வாழ்வில் இதே நிலையைக் காட்டியிருந்தது.

தமிழர் வீட்டு அடுக்களையிலும் இதற்கு ஒரு பழைய எடுத்துக்காட்டு உண்டு. முன்பு தண்ணீர் எடுக்கப் பித்தளைக் குடமும் சமைக்கப் பித்தளைப் பாத்திரமும் இருந்தன. அவை ஒரு தலைமுறைக்கு மேல் உழைத்தன. சமைக்கும் பாத்திரத்துக்கு அவ்வப்போது ஈயம் பூச வேண்டும்; ஈயம் பூசுபவர் தெருவுக்கே வந்து துருத்தி வைத்துப் பூசிக் கொடுப்பார். நசுங்கிப்போன குடமும் எடைக்கு விலைபோகும். அவசரத்துக்கு அடகு வைக்கலாம். அவ்வகையில் பித்தளைக் குடம் ஒரு சிறு சேமிப்பாகவும் இருந்தது. பிளாஸ்டிக் குடம் வந்தபின் அந்தச் சேமிப்பு மறைந்தது. வெடித்த பிளாஸ்டிக் குடத்தை யார் அடகு பிடிப்பார்? ஆயினும் பிளாஸ்டிக் குடத்தை முற்றிலும் குறை கூறுவதும் முறையாகாது. சென்னையில் தண்ணீர் லாரிக்காக வரிசையில் நின்று, குடத்தைத் தூக்கிக்கொண்டு படியேறிய பெண்கள் அதன் எடைக்குறைவை ஒரு வரமாகவே கருதினர். பித்தளையின் பெருமையைப் பேசுகிறவர் பலர் அதைச் சுமந்தவர் அல்லர்.

வறுமையின் கூடுதல் செலவு பொருளின் விலையில் மட்டும் ஒளிந்திருக்கவில்லை. வீட்டுக்கு உரிய 14.2 கிலோ எரிவாயு உருளைக்கு இணைப்பும் முகவரிச் சான்றும் வேண்டும். அடிக்கடி அறை மாறும் தொழிலாளரிடம் அவை இருப்பதில்லை. அவர்கள் வாங்கும் ஐந்து கிலோ சிறு உருளையில் ஒரு கிலோ எரிவாயுவின் விலை பெரிய உருளையைவிடக் கூடுதல்.

வீட்டின் தொலைவும் ஒரு செலவே. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் தமிழர் பல பத்தாண்டுகளாக வாழ்ந்த மதராசி கேம்ப் என்னும் குடிசைப்பகுதி, நீதிமன்ற ஆணையின்படி 2025 ஜூன் 1 அன்று அகற்றப்பட்டது. தகுதி உடையவை என்று ஏற்கப்பட்ட குடும்பங்களுக்கு நரேலாவில் அடுக்குமாடி வீடுகள் ஒதுக்கப்பட்டன. நரேலா தில்லியின் வட எல்லையில் உள்ளது. ஜங்புராவின் அண்டை வீடுகளில் காலையில் பாத்திரம் துலக்கியும் சமைத்தும் பிழைத்த பெண்ணுக்கு, அங்கிருந்து வந்துபோக நாளில் பல மணி நேரம் வேண்டும். வீட்டின் விலைப்பட்டியலில் அந்த நேரம் எழுதப்படுவதில்லை.

இனி, மொத்தப் பணம் இல்லை என்ற தடையை உண்மையாகவே நீக்கிக் காட்டிய ஒரு நிகழ்ச்சியைக் காணலாம். அதுவும் தில்லியில் தொடங்கியதே.

2015 ஜனவரி 5 அன்று, அப்போது பிரதமர் அலுவலகம் அமைந்திருந்த சவுத் பிளாக் கட்டடத்தில் ஒரு பழைய பல்பு கழற்றப்பட்டு, அதன் இடத்தில் எல்.இ.டி. விளக்கு ஒன்று பொருத்தப்பட்டது. பொருத்தியவர் பிரதமர். வீடுகளுக்கு எல்.இ.டி. விளக்கு வழங்கும் திட்டத்தின் தொடக்கம் அது. பின்னர் இத்திட்டத்துக்கு 'உஜாலா' என்று பெயர் வந்தது. இந்தியில் அச்சொல்லுக்கு ஒளி என்பது பொருள்.

குண்டு பல்பும் எல்.இ.டி. விளக்கும் நாம் மேலே பார்த்த இரு ஷூக்களைப் போன்றவை. குண்டு பல்பு மலிவு. சில ரூபாய்க்குக் கிடைக்கும். அதனுள் உள்ள மெல்லிய டங்ஸ்டன் இழை மின்சாரத்தால் பழுக்கச் சூடேறி ஒளி தருகிறது. அது உண்ணும் மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாகவே வீணாகிறது. ஏறத்தாழ 1,000 மணி நேரத்தில் இழை அறுந்துவிடும். எல்.இ.டி. விளக்கில் சூடேற்ற வேண்டிய இழை இல்லை. குறைகடத்தி ஒன்று மின்சாரத்தை நேரே ஒளியாக மாற்றுகிறது. அதனால் 60 வாட் குண்டு பல்பு தரும் ஒளியை ஏறத்தாழ 9 வாட்டிலேயே அது தந்துவிடும். பல மடங்கு நாள் உழைக்கும்.

கணக்கிட்டுப் பார்க்கலாம். 60 வாட் பல்பு நாள்தோறும் 5 மணி நேரம் எரிந்தால் 30 நாளில் 9 யூனிட் ஆகும். 9 வாட் விளக்குக்கு 1.35 யூனிட் போதும். யூனிட் ஒன்று 8 ரூபாய் எனில் முன்னதற்கு மாதம் 72 ரூபாய். பின்னதற்கு 10 ரூபாய் 80 காசு. கடையில் மலிவாகக் கிடைத்த பல்பு, அறையின் கூரையில் தொங்கிக்கொண்டு மாதந்தோறும் 60 ரூபாய்க்கு மேல் கூடுதலாக வாங்கிக்கொள்கிறது.

அப்படியாயின் மக்கள் ஏன் எல்.இ.டி. விளக்கை முன்பே வாங்கவில்லை? அன்று கடைகளில் அதன் விலை 350 முதல் 600 ரூபாய் வரை இருந்தது. ஓர் அறைக்குள் வாழும் குடும்பம் ஒரு விளக்குக்கு அவ்வளவு கொடுக்குமா? தில்லியில் அத்திட்டம் செய்தது இதுதான்: முதலில் 10 ரூபாய் கொடுத்து விளக்கைப் பெற்றுக்கொள்ளலாம், மீதியை மாதம் 10 ரூபாயாக 12 மாதம் மின்கட்டணத்தோடு செலுத்தலாம். ஆக மொத்தம் 130 ரூபாய். மாதம் 10 ரூபாய் கட்டும் குடும்பத்துக்கு அதைவிடக் கூடுதலான தொகை மின்கட்டணத்தில் மிச்சமாகும். விளக்கு தன் விலையைத் தானே உழைத்துக் கட்டிவிடுகிறது. மக்களை நோக்கிச் சிக்கனம் பற்றிய உபதேசம் எதுவும் தேவைப்படவில்லை. 1,500 ரூபாய் ஷூவை வாங்க முடியாத காவலருக்கு இப்படியொரு வழியை யாரும் திறந்துவிடவில்லை என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

விலை எவ்வாறு இறங்கியது என்பதும் அறியத்தக்கது. எனர்ஜி எஃபீஷியன்சி சர்வீசஸ் லிமிடெட் என்னும் பொதுத்துறை நிறுவனம் இலட்சக்கணக்கான விளக்குகளை ஒரே ஏலத்தில் மொத்தமாகக் கொள்முதல் செய்தது. 2014-இல் விளக்கு ஒன்றுக்கு 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை, 2016-இல் 38 ரூபாயாகக் குறைந்தது. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே கடைக்குச் சென்று பேரம் பேசியிருந்தால் இது நடந்திராது. இத்திட்டத்தின்கீழ் நாடு முழுவதும் 36 கோடிக்கும் மேற்பட்ட விளக்குகள் வழங்கப்பட்டன. இன்று கிராமத்துப் பெட்டிக்கடையிலும் எல்.இ.டி. விளக்கு நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது.

எனினும் மின்சாரக் கணக்கு அத்தோடு முடிந்துவிடவில்லை. தில்லியில் 2019 ஆகஸ்டில் மாதம் 200 யூனிட் வரை பயன்படுத்தும் வீடுகளுக்கு மின்கட்டணம் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவர் பலரின் பெயரில் மின் இணைப்பே கிடையாது. வீட்டு உரிமையாளர் தாமே ஒரு துணை மீட்டரைப் பொருத்தி, யூனிட்டுக்கு இவ்வளவு என்று தாமே விலை வைத்து வாங்குவார். இதனால் சலுகை யாருக்கு மிகவும் தேவையோ அவர் முழு விலை கொடுத்தார். இதை மாற்றுவதற்காக 2019 செப்டம்பரில் வாடகைதாரர்க்குத் தனி மீட்டர் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. உரிமையாளரின் தடையின்மைச் சான்று இல்லாமலே வாடகைதாரர் முன்பணம் செலுத்தும் மீட்டர் பெறலாம் என்பது அதன் சிறப்பு. அதற்குக் கேட்கப்பட்ட முன்வைப்புத் தொகை 3,000 ரூபாய். மாதம் 400 ரூபாய் எஞ்சும் காவலரின் முன்னால் மீண்டும் அதே மொத்தப் பணம் வந்து நிற்கிறது.

பெரிய தொகையைச் சிறு தொகைகளாக உடைத்துக் கொடுப்பது வணிகர்க்கும் தெரிந்த வழிதான். கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்பவர் ஷாம்பூவைச் சிறு உறைகளில் அடைத்து விற்றார். அவர் மகன் ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய தொழில், சிறு உறை ஷாம்பூவைத் தமிழகச் சிற்றூர்களுக்கெல்லாம் கொண்டு சென்றது. பாட்டில் வாங்க முடியாதவர் வீட்டுக்கும் ஷாம்பூ வந்தது. இதில் ஏழைக்குப் பெரிய இழப்பில்லை. உறையில் வருவது பல வேளைகளில் பாட்டிலைவிட மலிவாகவே அமைகிறது.

தண்டல் என்னும் கடன் அப்படிப்பட்டதன்று. 1,000 ரூபாய்க் கடனில் 100 ரூபாயை முதலிலேயே பிடித்துக்கொண்டு 900 ரூபாய் தருவர். நாளுக்கு 10 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். நாளுக்குப் பத்து ரூபாய்தானே என்று தோன்றும். ஆனால் ஒவ்வொரு நாளும் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கில் கொண்டால், ஆண்டுக்கு 100 ரூபாய்க்கு 70 ரூபாய்க்கும் மேல் வட்டி விழுகிறது. இதனினும் கொடிய கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. அமெரிக்காவிலும் இதே கதைதான். நியூயார்க் நகர ஏழைக் குடும்பங்கள் தவணையில் மரச்சாமானும் தொலைக்காட்சிப் பெட்டியும் வாங்கி எவ்வாறு கூடுதல் விலை கொடுத்தன என்பதை டேவிட் கேப்லோவிட்ஸ் 1963-இல் ஒரு நூலாகவே எழுதினார். தவணை என்பது ஒரே சொல்தான். விளக்குக்குக் கட்டிய பத்து ரூபாய் குடும்பத்தின் கையில் பணத்தை மிச்சமாக்கியது. தண்டலுக்குக் கட்டும் பத்து ரூபாய் அதை உறிஞ்சுகிறது. எந்தத் தவணை என்று கேட்டறிந்த பின்னரே கையெழுத்திட வேண்டும்.

வட்டியின்றி மொத்தப் பணம் திரட்டத் தமிழ்ப் பெண்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் வழி குலுக்கல் சீட்டு. பத்துப் பேர் சேர்ந்து மாதம் 500 ரூபாய் போடுவர். பத்துத் துண்டுக் காகிதங்களில் பெயர் எழுதி, ஒரு டப்பாவில் இட்டுக் குலுக்கி, ஒரு சிறு குழந்தையை எடுக்கச் சொல்வர். பெயர் வந்தவருக்கு அம்மாதம் 5,000 ரூபாய் கிடைக்கும். பத்து மாதத்தில் பத்துப் பேருக்கும் முறை வந்துவிடும். முன்னே பெற்றவரும் பின்னே பெற்றவரும் கட்டுவது ஒரே தொகை. சீட்டுப் பிடிப்பவர் ஊரை விட்டு ஓடிவிட்ட கதைகளும் உண்டு. ஆதலால் முகமறியாதார் நடத்தும் பெருஞ்சீட்டில் சேருமுன் அது 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவானதா என்று பார்ப்பர். அடுத்தடுத்த அறைகளில் வாழ்ந்து, ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் பத்துப் பெண்கள் நடத்தும் சீட்டுக்கு அவர்களின் பழக்கமே பிணை. தலைநகரின் தமிழ்க் குடியிருப்புகளில் இத்தகைய சீட்டுப் பணம் மிக்சியாகவும், தையல் எந்திரமாகவும், கல்லூரிக் கட்டணமாகவும் மாறியிருக்கிறது. காவலரின் மனைவி ஒரு சீட்டில் சேர்ந்திருந்தால், பெயர் வரும் மாதத்தில் அந்தத் தோல் ஷூவும் வரக்கூடும். அல்லது மீட்டருக்கான 3,000 ரூபாய் முதலில் போகக்கூடும். எது முதலில் என்பதை அவர்கள் இருவரும் இரவு உணவுக்குப்பின் அமர்ந்து பேசி முடிவு செய்வர்.

பயிற்சி

1. "அவரிடம் குறைந்திருப்பது மொத்தப் பணம் மட்டுமே." இவ்வாறு பாடம் கூறக் காரணம் என்ன? ஐந்து வரிகளில் எழுதுக.

2. ஒரு குடை 150 ரூபாய். ஒரு மழைக்காலம் உழைக்கும். மற்றொரு குடை 450 ரூபாய். ஐந்து மழைக்காலம் உழைக்கும். ஐந்து ஆண்டுகளில் எவ்வளவு வேறுபாடு? இரண்டாவது குடையைப் பேருந்தில் மறந்துவிட்டு வந்தால் கணக்கு எவ்வாறு மாறும்?

3. உங்கள் வீட்டில் உங்களைவிட வயதில் மூத்த பொருள் எது? அதனை யார், எங்கே, என்ன விலைக்கு வாங்கினர் என்று தாத்தா, பாட்டி அல்லது பெற்றோரிடம் கேட்டு எழுதுக.

4. விளக்குக்குக் கட்டிய தவணைக்கும் தண்டலுக்குக் கட்டும் தவணைக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் சொற்களில் விளக்குக.

5. சொற்றொடரில் அமைத்து எழுதுக: முன்வைப்பு, கொள்முதல், தவணை, ஈயம் பூசுதல், பிணை.

6. பழமொழியைச் சொல்லுகிற கடைக்காரரும் மலிவான ஷூ வாங்க வந்த காவலரும் பேசிக்கொள்வதுபோல் ஓர் உரையாடல் எழுதுக. காவலர்க்கே கடைசிச் சொல் அமையட்டும்.